பிஸ்கோத்தில் பிறக்கும் பட்சணம்

"கடையில் வாங்கிய பிஸ்கோத்தை உடைத்துப் பாலில் கரைத்து, ஆவியில் வேக வைத்துவிட்டு அதற்குக் 'கேக்' என்று நாமகரணம் செய்வதா? இதுவும் ஒரு சமையலா?" என்று கேட்கும் பாட்டிமார்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாவைச் சலித்து, பாகின் பதம் பார்த்து, வியர்வை வழிய நின்று மைசூர்பாகு கிளறிய கைகளுக்கு இது குறுக்கு வழியாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அப்படிக் கேட்பவர்கள் ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களின் கல்யாண விருந்து ஒன்றுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாமிசம் புசியாதவராயின் பாதகமில்லை; பிரியாணியை விட்டு விட்டு, அதனுடன் பரிமாறும் இனிப்பை மட்டும் ருசி பார்க்கலாம்.

அந்த இனிப்புக்குப் பெயர் பிரெட் அல்வா. பேக்கரியில் வாங்கிய ரொட்டித் துண்டுகளை நெய்யில் பொன் நிறமாக வறுத்து, பாலும் சர்க்கரையும் விட்டுக் குழைத்து, மேலும் நெய் வார்த்துக் கிளறி, முந்திரி தூவி இறக்குவார்கள். மாவு பிசைந்ததும் சுட்டதும் பேக்கரிக்காரர். அதை அல்வாவாக்கியது விருந்துச் சமையற்காரர். "இது பாதிச் சமையல்தானே?" என்று எந்தச் சம்பந்தியும் குறை கூறுவதில்லை. இலை காலியாவதைத்தான் காண்கிறோம். ரொட்டி அண்ணன் என்றால் பிஸ்கோத்து தம்பி. அண்ணனுக்குக் கிடைத்த மரியாதை தம்பிக்கும் கிடைக்கட்டும் என்பதே நமது கட்சி.

இந்தக் கட்சியை இந்த வட்டாரத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுவதில் நெடுங்காலமாகப் பேர் பெற்றவை. 2019-இல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்து, இவற்றுள் சில திருப்பத்தூருக்கும் சில ராணிப்பேட்டைக்கும் போயின. தொழில் மட்டும் பிரியவில்லை. 1970-களில் கச்சாத் தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசாங்கம் தடுத்தும் குறைத்தும் வந்தபிறகு, தோலை இங்கேயே முழுதும் முடித்துக் காலணியாகத் தைத்து அனுப்பும் தொழிற்சாலைகள் பெருகின. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து காலணியின் மேற்பாகத்தைத் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் வேளைக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் குழந்தையின் பிறந்த நாள் வந்து விடுகிறது. குழந்தைக்குக் கேக் வேண்டும். வீட்டில் 'அவன்' என்னும் சூட்டடுப்புக் கிடையாது; கடைக் கேக்கின் விலையோ மலைக்க வைக்கிறது. கையில் இருப்பது ஒரு மணி நேரமும், ஒரு காஸ் அடுப்பும், ஓர் இட்லிப் பானையும். இந்தத் தாய்க்குப் பிஸ்கோத்து செய்யும் உபகாரத்தைக் குறுக்கு வழி என்று பரிகசிப்பது தர்மமாகுமா?

பிஸ்கோத்தின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். கல்கத்தாவில் 1892-இல் சிறு முதலுடன் தொடங்கிய பிஸ்கோத்துத் தொழில்தான் பிற்பாடு பிரிட்டானியா கம்பெனியாயிற்று. பம்பாயை அடுத்த விலே பார்லேயில் 1929-இல் மிட்டாய் செய்யத் தொடங்கிய சுதேசித் தொழிற்சாலை, அடுத்த பத்தாண்டுக்குள் குளுகோஸ் பிஸ்கோத்திலும் இறங்கிற்று. துரைமார் வீட்டு மேஜையில் மட்டும் இருந்த சரக்கு, ஏழையின் டீத் தம்ளருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது இவ்விதந்தான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, எண்பது ஆண்டுகளில் காணாத விற்பனையைக் கண்டதாக அந்தப் பார்லே கம்பெனியார் தெரிவித்தார்கள். அந்த நாட்களில்தான், பேக்கரிகள் மூடியிருந்தும் பிறந்த நாட்கள் நிற்காமையால், பிஸ்கோத்துக் கேக் வீட்டுக்கு வீடு பரவிற்று.

இனி, இந்த வித்தை பலிப்பது எப்படி என்று பார்ப்போம். காரணம் தெரிந்தால் அளவு தானே கைவரும். பிஸ்கோத்து என்பது மைதா, சர்க்கரை, எண்ணெய் அல்லது நெய்ச் சத்து ஆகிய மூன்றின் கூட்டு. கேக்குக்கும் இவையே வேண்டும். மேலும், பிஸ்கோத்து மாவில் தண்ணீர் வெகு குறைவு. ஆகையால் அது சூட்டில் முறுகுகிறதே தவிர, அதிலுள்ள மாச்சத்துப் பெரும்பாலும் முழுமையாகக் குழைந்து வேகுவதில்லை. நாம் அதைப் பொடித்துப் பால் விட்டு மறுபடியும் சூடாக்கும்போது அந்த மாச்சத்து பாலை உறிஞ்சிப் பருத்து, இட்லியைப் போல் ஒன்றாக இறுகுகிறது. முட்டை இல்லாமலே கேக் நிற்பதன் ரகசியம் இதுதான். ஆனால் பிஸ்கோத்திலிருந்த சோடா உப்பின் வேலை சூளையிலேயே தீர்ந்து விட்டது. கேக் உப்ப வேண்டுமானால் நாம் புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.

பிஸ்கோத்துக் கேக்: குளுகோஸ் பிஸ்கோத்து 200 கிராம் எடுத்து நைசாகப் பொடிக்கவும். கட்டி இருந்தால் சலிக்கவும். ஆறிய பால் சுமார் 250 மில்லியைச் சிறிது சிறிதாக விட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைக்கவும். பொடி பாலைக் குடித்துக்கொண்டே இருக்குமாதலால் ஐந்து நிமிஷம் பொறுத்து, மேலும் இறுகியிருந்தால் இரண்டு ஸ்பூன் பால் விடலாம். தனியாகச் சர்க்கரை வேண்டாம். ஏலப் பொடியோ கோகோப் பொடியோ ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வரும்வரை காத்திருந்து, நெய் தடவிய பாத்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே, ஈனோ போன்ற புரூட் சால்ட் ஒரு டீஸ்பூன் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் கலக்கி உடனே உள்ளே வைத்து விட வேண்டும். அந்த உப்பு ஈரம் பட்டதுமே பொங்கி விடும். மாவைக் கரைத்து வைத்துவிட்டு அண்டை வீட்டாருடன் நாலு வார்த்தை பேசி வருபவர்களுக்குக் கேக் கிடைக்காது. தட்டையான களிதான் கிடைக்கும். பாத்திரத்தை ஒரு தட்டால் மூடினால் ஆவி நீர் சொட்டாது. இருபத்தைந்து முதல் முப்பது நிமிஷத்தில் வெந்து விடும். குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாவிட்டால் இறக்கவும். நன்றாக ஆறிய பிறகே கவிழ்க்கவும். சூட்டோடு கவிழ்த்தால் உதிர்ந்து போகும். சிலர் குக்கரில் தண்ணீரில்லாமல் உப்பைப் பரப்பிச் சுடுகிறார்கள். மேலே நல்ல நிறம் வரும் என்பது உண்மையே. ஆனால் வெறும் சூடு குக்கருக்கு ஆகாது. அதற்குக் கனமான பழைய பாத்திரமே உத்தமம்.

அடுப்பே வேண்டாத வகையும் உண்டு. இலங்கையில் கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை விசேஷ நாட்களில் செய்யும் பிஸ்கட் புட்டிங் அத்தகையது. மேரி பிஸ்கோத்தைப் பாலில் ஒரு கணம் தோய்த்துத் தட்டில் வரிசையாகப் பரப்பி, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் கோகோவும் சேர்த்துக் குழைத்த பூச்சைத் தடவி, மறுபடி பிஸ்கோத்து, மறுபடி பூச்சு என்று நாலைந்து அடுக்கு அடுக்கி, மேலே முந்திரி தூவிக் குளிர்ப் பெட்டியில் வைத்து விடுகிறார்கள். போர்ச்சுக்கல் தேசத்தாரும் இவ்விதமே அடுக்குகிறார்கள். ஆனால் அவர்கள் தோய்ப்பது காபியில். நம் ஊர்க் காபிப் பிரியர்களுக்கு இது தேனாக இனிக்கும் செய்தி. 1874-இல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் குமாரி மேரிக்கு ஆங்கில இளவரசருடன் விவாகம் நடந்தபோது லண்டன் கம்பெனி ஒன்று அவள் பெயரால் செய்ததே மேரி பிஸ்கோத்து. 2011-இல் இளவரசர் வில்லியம் கல்யாணத்திலும், மாப்பிள்ளையின் விருப்பப்படி, பிஸ்கோத்தை உடைத்துச் சாக்லேட்டில் கலந்து செய்த கேக் ஒன்று விருந்தில் இடம் பெற்றது. அரண்மனைக்கு அடுக்குமானால் ஆம்பூருக்கு அடுக்காதா?

ஒரே சங்கடம், வேலூர் வெயில். சித்திரை வைகாசியில் வெண்ணெய்ப் பூச்சு குளிர்ப் பெட்டியை விட்டு வெளியே வந்ததும் வழிந்தோடும். மேல்நாட்டார் தங்கள் குளிர்ந்த இனிப்புகளை உறைய வைக்கச் சேர்க்கும் ஜெலட்டினும் உடற்சூட்டிலேயே இளகி விடும். அந்த ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. தோல் பதனிடும் தொழிலில் கழித்துப் போடும் துண்டுகளும் அதற்கு மூலப்பொருளாகின்றன. சைவ உணவுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நலம். நமக்கு அதைவிட மேலான பொருள் கைவசம் இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் இவ்வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடற்பாசியைச் சொல்கிறேன். 'சைனா கிராஸ்' என்று கடைகளில் விற்பதும் அதுவே. அது வெதுவெதுப்பான நிலையிலேயே உறைந்து விடும். மறுபடி இளக வேண்டுமானால் கொதிநிலையை நெருங்கும் சூடு வேண்டும். வேலூர் வெயில் அதனிடம் தோற்றுப் போகும்.

கடற்பாசிப் பிஸ்கோத்து: பொடித்த மேரி பிஸ்கோத்து 150 கிராமுடன் உருக்கிய நெய் அல்லது வெண்ணெய் 60 கிராம் பிசறி, தட்டின் அடியில் அழுத்திப் பரப்பவும். கடற்பாசி 10 கிராமை ஒரு தம்ளர் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, முழுதும் கரையும்வரை கொதிக்க விடவும். அரை லிட்டர் சூடான பாலில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரை கரைத்து, இதை வடிகட்டிச் சேர்க்கவும். பால் ஆறியிருந்தால் கடற்பாசி நூல் நூலாகத் திரிந்து விடும். முதலில் ஒரு கரண்டி மட்டும் மெல்லப் பரப்பி, அது உறைந்த பின் மீதியை ஊற்றினால் பிஸ்கோத்துத் தூள் மேலே மிதக்காது. ஆறியதும் கத்தியால் துண்டு போடலாம்.

முடிவாக எச்சரிக்கை இரண்டு. மழைக் காலத்தில் டின்னில் நமுத்துப் போன பிஸ்கோத்து இந்தப் பட்சணங்களுக்குத் தாராளமாக உதவும். ஆனால் எண்ணெய்க் காறல் வாடை அடித்தால் தயங்காமல் எறிந்து விடுங்கள். பாலும் ஏலமும் அந்த வாடையை மறைக்குமே தவிர மாற்றாது. இரண்டாவது, குளுகோஸ் பிஸ்கோத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஆகாது. குழந்தைக்கும் சோற்றுக்குப் பதில் ஆகாது. பிறந்த நாள் வருஷத்தில் ஒரு நாள்தான் வருகிறது. கேக்கும் அந்தக் கணக்கிலேயே வரட்டும். அந்த ஒரு நாளில், இயந்திரத்தின் முன் பொழுதெல்லாம் குனிந்திருந்து வீடு திரும்பிய தாய், ஒரு மணி நேரத்துக்குள் தன் கையாலேயே ஒரு கேக்கை இறக்கி வைத்தாளானால், அதில் அவள் சமையலே இல்லை என்று யார் சொன்னாலும் அந்தக் குழந்தை ஒப்புக்கொள்ளாது.