ஆயில் குடிக்கும் கார்: நுகர்வோர் தலையில் சுமை

புது தில்லி: 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை என்ஜின் ஆயில் குறைவது இயல்பே என்கின்றன சில கார் நிறுவனங்களின் கையேடுகள். அளவுகோலை வகுப்பவர் தயாரிப்பாளர். அளந்து பார்ப்பவரோ அவருடைய டீலர். பிஸ்டன் வளையத் தேய்மானத்தை உறுதிசெய்ய என்ஜினைப் பிரித்தாக வேண்டும். பிரிக்காமல், ஆயிலை ஊற்றி ஊற்றி அனுப்புவதிலேயே வாரண்டி காலம் கழிந்துவிடுகிறது.

வழக்குத் தொடுத்தாலும் வழி குறுகலே. வாரண்டி விதிப்படி பழுதான பாகத்தை மாற்றினால் போதும், காரையே மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளர் தாமாகவே பொறுப்பாக மாட்டார் என்றது 2021 தீர்ப்பு. ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும் புகார்களை 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எனினும், உற்பத்திக் குறையை நிரூபிக்க வேண்டியவர் நுகர்வோரே. ஆயில் ஊற்றியதை ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் எழுதி வாங்காதவரிடம் ஆதாரம் ஏது?