கர்ப்பிணியின் சிறுநீர் யாருக்குச் சாட்சி?

கர்ப்பிணிகள் அனைவரையும் மது, போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்ற யோசனை நல்லெண்ணத்தின் பெயரால் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. வண்டி ஓட்டுபவரை நிறுத்தி ஊதச் சொல்லும் அரசு, வயிற்றில் ஓர் உயிரைச் சுமப்பவரை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். படித்தவர்கள், குறிப்பாக அறிவியல் படித்தவர்கள், இதை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். தரவு பெருகினால் தீங்கு குறையும் என்ற நம்பிக்கை அவர்களுக்குத் தொழில்வழி வந்தது. இவ்விடத்தில் அந்த நம்பிக்கை தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் கூட.

கருவுற்ற காலத்தில் மது அருந்துவது சிசுவைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. 1973-இல் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் அப்பாதிப்பைத் தனி நோய்க்குறித் தொகுதியாகப் பெயரிட்டு விவரித்தனர். இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆகவே தீங்கு உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கன்று. குப்பியில் பிடித்துக் கொடுத்த சிறுநீர் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே வழக்கு.

தமிழில் ‘சோதனை’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. இரத்தத்தைப் பார்ப்பதும் சோதனை. வருமானவரித் துறையினர் வீடு புகுந்து குடைவதும் சோதனை. துன்பம் வந்தால் அது கடவுளின் சோதனை. ஏர்பேட்டில் நாள்தோறும் காதில் விழும் தெலுங்கு இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. இரத்தத்தைப் பார்ப்பது ‘பரீக்ஷ’. காவலர் வீட்டைக் குடைவது ‘சோதா’ (தமிழில் இச்சொல்லின் பொருள் வேறு என்பது ஒரு வேடிக்கை). தமிழர் மருத்துவமனையில் செய்துகொள்ளும் ‘பரிசோதனை’ தெலுங்கில் ‘பரிசோதன’ ஆகும்போது ஆராய்ச்சி என்று பொருள்படும். ஏர்பேட்டு வளாகங்களில் முனைவர் பட்டத்துக்காக நடப்பது அதுவே. சிகிச்சைக்காகப் பார்ப்பது, குற்றம் தேடிக் குடைவது, பெயர் நீக்கிய தரவாக ஆராய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். கட்டாயப் பரிசோதனை கேட்போர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்விக்கிறார்கள்.

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் 1989-இல் இது நடைமுறைக்கு வந்தது. மகப்பேற்றுக்கு வரும் பெண்களின் சிறுநீரில் கொக்கெயின் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் காவல்துறையிடம் தெரிவிக்கும் ஏற்பாடு அது. யாரைச் சோதிப்பது என்பதற்கு ஒரு பட்டியல் வகுத்திருந்தார்கள். பேறுகாலக் கவனிப்புக்கு வராதவர், தாமதமாக வந்தவர், பாதியில் விட்டவர் ஆகியோர் அப்பட்டியலில் இருந்தனர். அதாவது ஏழ்மையின் அடையாளங்களே குற்றத்தின் அடையாளங்களாக எழுதப்பட்டன. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். பிள்ளை பெற்ற உதிரம் நிற்கும் முன்பே விலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்டோரும் அவர்களுள் உண்டு.

பத்துப் பெண்கள் 1993-இல் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனை அடுத்த ஆண்டே அத்திட்டத்தைக் கைவிட்டது. 2001 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் உயிர்நிலை அந்தச் சொல்தான்: செவிலியர் செய்தது மருத்துவச் சோதனையா, காவலர் செய்யும் சோதனையா? நோயாளியின் ஒப்புதலின்றிக் காவல்துறைக்காகச் சான்று திரட்டினால் அது இரண்டாவதே என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ். தானாகக் கொடுத்த சிறுநீரைப் பார்ப்பது அவ்வகைச் சோதனையே ஆகாது என்று வாதிட்டார் மாறுபட்ட நீதிபதி ஸ்கலியா. தமிழில் இவ்வழக்கு நடந்திருந்தால் இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் பேசியிருப்பார்கள்.

அதே காலத்தில் புளோரிடா மாநிலத்தின் பினெல்லஸ் வட்டாரத்தில் சாஸ்னாஃப் என்ற மருத்துவரும் உடனுழைத்தோரும் தெலுங்குப் பொருளிலான ‘பரிசோதன’ செய்தார்கள். 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பெயர் நீக்கி ஆராய்ந்ததில், போதைப்பொருள் பயன்பாடு வெள்ளையரிடமும் கறுப்பினத்தவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. அதிகாரிகளிடம் புகார் செய்யப்பட்டதிலோ கறுப்பினப் பெண்களின் விகிதம் சுமார் பத்து மடங்கு. இம்முடிவு 1990-இல் வெளியானது. சிறுநீர் பொய் சொல்லவில்லை. யாருடைய சிறுநீரைப் பற்றி வாய் திறப்பது என்று மருத்துவமனை தீர்மானித்தது.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையாகும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். கொக்கெயின், மார்ஃபின், ஹெராயின் எனில் ஓராண்டு வரை, ஏனையவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை. பீகாரில் 2016 முதல் மது அருந்துவதும் குற்றம். எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே ‘உண்டு’ என்று எழுதும் கை, அவள் மீதான வழக்கின் முதல் வரியையும் எழுதிவிடுகிறது. தண்டிப்பதற்காக அன்று, உதவுவதற்காகவே என்று ஆதரவாளர்கள் சொல்லலாம். அந்த எழுத்து உதவிக்கு மட்டுமே பயன்படும் என்று உறுதியளிக்கும் சட்டம் முதலில் எங்கே?

கருவியின் நம்பகத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். ஆந்திரத்துக் குருமாவிலும் தமிழ்நாட்டுக் குருமாவிலும் கசகசா அரைத்து விடுவார்கள். கசகசா ஓப்பியச் செடியின் விதை. அதைத் தின்றவரின் சிறுநீரில் மார்ஃபின் தென்படக்கூடும். பணியாளர் பரிசோதனைகளில் இச்சிக்கல் பெருகியதால் அமெரிக்க அரசு 1998-இல் மார்ஃபினுக்கான எல்லை அளவை 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. உயர்த்தாத மருத்துவமனைகளும் இருந்தன. 2010-இல் பென்சில்வேனியாவில் கசகசா தூவிய ரொட்டி தின்ற ஒரு பெண்ணிடமிருந்து, பிறந்து மூன்றே நாளான குழந்தையை எடுத்துப் போனார்கள். மதுவின் கதை நேர்மாறானது. அது சில மணி நேரத்தில் உடலை விட்டு அகன்றுவிடும். அடுத்த நாள் மருத்துவமனைக்கு வருபவரின் சிறுநீர் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. குருமா தின்றவள் சிக்குவாள், குடித்தவள் தப்புவாள்.

உண்மையில் யார் குடிக்கிறார்கள்? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 விழுக்காட்டினர், பெண்களில் 1.3 விழுக்காட்டினர். பெண்களின் விகிதம் உயர்ந்திருக்கும் இடம் அருணாசலப் பிரதேசம், 24.2 விழுக்காடு, அங்கே அரிசி மது பழங்குடி வீடுகளின் வழக்கம். கட்டாயப் பரிசோதனை அங்கே ஒரு பண்பாட்டையே குற்றப் பட்டியலில் ஏற்றும். ஏர்பேட்டுப் பக்கத்திலோ ஒன்றும் கிடைக்காத சிறுநீரைத் தேடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கும் கணவனை விட்டுவிட்டு. குடித்துவிட்டு வந்து கர்ப்பிணியின் வயிற்றில் உதைப்பவனை ஊதச் சொல்ல வேண்டும் என்று இந்த யோசனைக்காரர் எவரும் கேட்பதில்லை.

ஏர்பேட்டுக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் பெண்கள் இதைத் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். 1992-இல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கூலிப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அக்கதை பாடப்புத்தகத்தில் ஏறி மாநிலமெங்கும் பரவியது. 1993-இல் சாராயத்துக்குத் தடை வந்தது, 1995-இல் முழு மதுவிலக்கு, 1997-இல் தளர்வு. கூலி கடைக்குப் போனால் அடுப்பில் உலை ஏறாது என்பதே அவர்களின் கணக்கு. குடியின் தீங்கை அரசுக்குக் கற்பித்தவர்கள் பெண்கள். அவர்களின் மகள்களையும் பேத்திகளையும் சந்தேகப் பட்டியலில் நிறுத்துவது கைம்மாறாக இருக்க முடியாது.

கர்ப்பிணியைக் கண்காணிக்கும் ஆசை இந்நாட்டுக்குப் புதிதன்று. 2016 பிப்ரவரியில் அன்றைய ஒன்றிய அமைச்சர் மேனகா காந்தி, கருவின் பாலினத்தைக் கட்டாயமாகக் கண்டறிந்து பதிவு செய்து மகப்பேறு வரை தொடரலாம் என்றார். பெண் சிசுவைக் காப்பதே அவர் சொன்ன நோக்கம். ஒவ்வொரு கருவும் ஒரு கோப்பாகும் என்று எதிர்ப்பு எழுந்தது; யோசனை சட்டமாகவில்லை. அதற்கு முன்பே 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இதைவிட அறிவுடன் நடந்துகொண்டது. பாலினம் அறியும் பரிசோதனைக்கு உட்பட்ட பெண்ணைக் கணவரோ உறவினரோ வற்புறுத்தினர் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது அதன் 24-ஆம் பிரிவு. எச்ஐவி பரிசோதனையும் கர்ப்பிணிகளுக்கு நடக்கிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டின் சட்டம் விவரம் அறிந்து தரும் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது, முடிவுக்குப் பின் மருந்து காத்திருக்கிறது, குழந்தை நோயின்றிப் பிறக்க வழியிருக்கிறது. இதுதான் பரீக்ஷ.

இழக்கப்போவது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2005–06-இல் இந்தியப் பேறுகளில் 38.7 விழுக்காடே மருத்துவமனைகளில் நடந்தன; 2019–21-இல் 88.6 விழுக்காடு. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக நடந்து ஈட்டிய நம்பிக்கை இது. டென்னசி மாநிலம் 2014-இல் கர்ப்பிணியின் போதைப் பழக்கத்தைத் தண்டனைக்குரியதாக்கியபோது பேறுகாலக் கவனிப்புக்கு வருவது குறைந்ததையும் சிசு மரணம் கூடியதையும் பின்னர் ஆய்வாளர்கள் காட்டினர். 2016-இல் அச்சட்டம் காலாவதியாக விடப்பட்டது. பணமுள்ளவள் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவாள். ஊருக்கு வெளியே குடியிருக்கும் யானாதிப் பெண்ணுக்கு அரசு சுகாதார நிலையம் ஒன்றே கதி. அதற்கும் போக அஞ்சினால் அவள் வீட்டிலேயே பெறுவாள்.

கட்டாயம் வேண்டாம் என்றால் வேறென்ன என்று கேட்பவர்களுக்கு விடை 2014 முதலே இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், ஒவ்வொரு வருகையிலும், மது, போதைப்பொருள் பற்றி வாயால் கேளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கேட்பதற்குக் குப்பி வேண்டியதில்லை. மாமியாரை வெளியே அனுப்பக் கதவுள்ள ஓர் அறையும், சொன்னதை வெளியே சொல்லாத ஒரு செவிலியரும் போதும். சிகிச்சையைத் தானாக நாடி வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64அ பிரிவு அதே போதைப்பொருள் சட்டத்திலேயே உண்டு. எத்தனை சுகாதார நிலையச் சுவரில் அது எழுதப்பட்டிருக்கிறது? இரத்தசோகைக்கான பரிசோதனை எல்லா இடத்திலும் நடக்கிறது, கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு அது உண்டு என்ற முடிவும் கையில் இருக்கிறது. அதற்கே விடை காணாத அரசு இன்னொரு குப்பியை நீட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லட்டும்: ஏர்பேட்டில் ஒரு கர்ப்பிணி தன் பழக்கத்தைத் தானே வாய்விட்டுச் சொன்னால், அன்றைக்கு அவளைத் திருப்பதியில் எந்தப் பிரிவுக்கு, யார் துணையோடு, யார் செலவில் அனுப்பப் போகிறார்கள்?