பிரஷர் பார்க்கிற கை, நாடியையும் ஒரு நிமிஷம் தொடட்டும்

1/
"நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். மேடு ஏறி கொழுந்து பறிக்கிறதால இருக்குமா, இல்ல கேஸா?"
குன்னூர் பக்கம் எஸ்டேட்ல வேலை பார்க்கிற ஒரு அம்மா கேட்டாங்க. ஆறு மாசமா கேஸ் மாத்திரை. அதுக்குள்ள பலமுறை பிரஷர் பார்த்தாச்சு. நாடியை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கல. அதைப் பத்திதான் இந்த இழை.

2/
இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுதான் தாளம் போடுது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100. மேலறைகளில் இந்தத் தாளம் கெடுவதில் முக்கியமான வகைகள் இரண்டு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ஏட்ரியல் ஃப்ளட்டர்.

3/
ஃபிப்ரிலேஷன் ஒரு சந்தைக்கடை. நிமிடத்துக்கு 350 முதல் 600 மின்துடிப்புகள், எல்லாம் தாறுமாறா. மேலறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். அதில் சிலது மட்டும் கீழறைக்கு இறங்கும். அதனால நாடியில் எந்த ஒழுங்கும் இருக்காது.

4/
ஃப்ளட்டர் ஒரு செக்குமாடு. பெரும்பாலும் வலது மேலறையில், ஒரே வட்டத்தில், நிமிடத்துக்கு சுமார் 300 சுத்து. ரெண்டுக்கு ஒண்ணு கீழே இறங்கினா நாடி 150, அதுவும் ஒழுங்கா! இங்கதான் ஏமாறுவோம். "மேடு ஏறி வந்திருக்காங்க" என்று விட்டுடுவோம். கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகும் 150லேயே நின்னா, இசிஜி எடுங்க. ரம்பப் பல் மாதிரி அலை தெரியும்.

5/
"ஒழுங்கா அடிக்குதே, ஆபத்தில்ல" என்று நினைக்காதீங்க. ரெண்டிலுமே மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். ஃபிப்ரிலேஷன் அந்த வாய்ப்பை ஏறத்தாழ 5 மடங்காக்குது. ஃப்ளட்டர் வந்தவங்க பலருக்குப் பின்னாடி ஃபிப்ரிலேஷனும் வருது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேணுமா என்பதை ரெண்டுக்கும் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறோம். அதுக்கு ஆஸ்பிரின் மட்டும் போதாது.

6/
வித்தியாசம் சிகிச்சையில். வழக்கமான ஃப்ளட்டரில் வட்டப்பாதை எங்கே என்று தெரியும். கதீட்டர் வழியா அங்கே சுட்டுத் துண்டிச்சா 10ல் 9 பேருக்கு சரியாகும். ஃபிப்ரிலேஷன் அவ்வளவு சுலபமில்ல.

7/
மேலைநாடுகளில் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முதியோர் நோய். இந்திய இதயத் தாள சங்கத்தின் பதிவேட்டில் சராசரி வயது சுமார் 55தான். பாதிக்கு நெருக்கமானவங்களுக்கு ருமாட்டிக் வால்வு நோய். சின்ன வயசு தொண்டைப் புண்ணில் தொடங்குற நோய் அது. இந்த அம்மாவுக்கும் ஃபிப்ரிலேஷன்தான், காரணம் மைட்ரல் வால்வு சுருக்கம். இப்படிப்பட்டவங்களுக்குப் புது மாத்திரைகளை விட பழைய வார்ஃபரின், அசிட்ரோம் வகைதான் நல்லது. 2022ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு அதைக் காட்டுச்சு. ஆனா ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துப் பார்த்துதான் டோஸ் கொடுக்கணும்.

8/
போன மாசம் அவங்க வரல. கேட்டா, "மாத்திரை இலவசமாவே கிடைக்குது டாக்டர். டெஸ்டுக்கு வந்தா ஒரு நாள் கூலி போகுதே."
இதுக்கு என்ன பதில் சொல்ல?

9/
ஊட்டியில் 2025ல் 700 படுக்கைகளோட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தாச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா பக்கவாதம் வந்தா கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். மழைக்காலத்தில் மலை ரோடு எப்படி இருக்கும் என்று இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். வராமல் தடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

10/
2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்குது. அதே கை நாடியையும் ஒரு நிமிஷம் தொடட்டும். விரல் நுனி ரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் சின்ன மெஷின், மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரட்டும். ஊழியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம், மறுக்கல. 65 வயசு தாண்டினவங்க, வால்வு நோய் உள்ளவங்க, இவங்களில் இருந்து தொடங்கலாமே.

11/
நீங்க செய்ய வேண்டியது: கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ரெண்டு விரல் வைத்து, முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. தாளம் தாறுமாறா இருந்தாலோ, ஓய்வில் 100ஐத் தாண்டினாலோ இசிஜி எடுங்க. மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுந்தால் உடனே 108. மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

இன்னைக்கு ராத்திரி வீட்டில் அம்மா, அப்பா கையைப் பிடிச்சு எண்ணிப் பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட் இது.