கட்டடம் எங்கே?

சென்ற பாடசாலை விடுமுறையில் எமது தங்கையின் மகன் ஒரு வாரம் எம்முடன் தங்கியிருந்தான். உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளை. அவன் கையில் புத்தகம் இருந்த நேரம் எவ்வளவு, கைபேசி இருந்த நேரம் எவ்வளவு என்பதை, அவன் தாயார் இப்பகுதியைத் தவறாது வாசிப்பவராகையால், நாம் எழுதாது விடுகின்றோம்.

ஒருநாள் பிற்பகல், கொழும்பிலுள்ள பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றிற்கு ஒரு சிறு காரியமாகச் சென்றபோது அவனையும் அழைத்துச் சென்றோம். 1960களில் எழுந்த கட்டடம் அது. வெயில் உள்ளே புகாதவாறு முகப்பெங்கும் கொங்கிறீட் தட்டுகளை வரிசையாக நிறுத்தியிருக்கின்றார்கள். நாம் படிவத்துடன் வரிசையில் நின்ற வேளையில், பையன் மாடிப்படியின் திருப்பத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தான். வீடு திரும்பியதும் அப்படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான்.

அவற்றுள் ஒன்று எமது கண்ணில் பட்டது. படிக்கட்டின் கைப்பிடி இடப்புற மேல்மூலையிலிருந்து சரிந்து வந்து, படத்தின் நடுவில் வளைந்து நின்றுவிடுகின்றது. அதன் கீழே சுவரில் ஏணிபோல் விழுந்த நிழல். எஞ்சிய பாதி முழுவதும் வெறுஞ்சுவர். வேறொன்றும் இல்லை.

“இது சரிவராது, மாமா. மூன்றிலொரு பங்கு விதிப்படி அமையவில்லை. பார்க்கிறவர்களுக்கு இது என்ன கட்டடம் என்றும் தெரியாது” என்றான்.

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாய்ப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முக்கிய பொருளை வைக்கவேண்டும் என்பது அந்த விதி. தீய விதியன்று. எழுதப் பழகும் குழந்தைக்கு இரட்டைக் கோட்டுக் கொப்பி எப்படியோ அப்படி. ஆயினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது விதியன்று. “ஆமாம் தம்பி, கட்டடம் எங்கே?” என்று கேட்பதற்கு எமது நாவும் எழுந்துவிட்டதே, அதுதான். ஏனெனில் அதே கேள்வி முன்பு எம்மிடம் கேட்கப்பட்டது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நாமும் ஒரு கமெராவைத் தோளில் மாட்டித் திரிந்தோம். அக்காலத்தில் நாள்தோறும் ஏறி இறங்கிய ஒரு கட்டடத்தின் படிக்கட்டு மூலையைப் படமெடுத்து, புகைப்பட ஆர்வலர் கூட்டம் ஒன்றிற்குக் கொண்டுபோனோம். நடுவராக வந்திருந்த பெரியவர் அதனைத் தூக்கிப் பிடித்து, “கட்டடம் எங்கே, ஐயா?” என்றார். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து படத்தைக் கிழித்துப் போட்டோம். அதன்பின் எக்கட்டடத்தைக் கண்டாலும் வீதியைக் கடந்து எதிர்ப்புறம் சென்று, முழுவதும் அடங்குமாறு நின்று, நேர்கோடுகள் சாயாமல் எடுத்துவந்தோம்.

அக்கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர், தமது பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக எம்மிடம் படம் கேட்டு வந்தார். பதினொரு படங்களை எடுத்து வைத்தோம். எல்லாவற்றிலும் மின்கம்பம், கம்பிகள், பஸ், விளம்பரப் பலகை. அவற்றின் பின்னால் ஒரு பெட்டியைப்போல் கட்டடம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “அந்தத் திருப்பத்திலே கைப்பிடி ஒன்று இருக்குமே, கைக்கு அடக்கமாகச் செதுக்கினது, அது இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றோம். நெகற்றிவும் எம்மிடம் தப்பவில்லை.

லூசியன் எர்வே என்பவரைப் பற்றி அன்று நாம் அறிந்திருந்தால் அப்படத்தைக் கிழித்திருக்கமாட்டோமோ என்னவோ. 1910இல் ஹங்கேரியில் லாஸ்லோ எல்கான் என்ற பெயருடன் பிறந்து, பாரிஸுக்குக் குடிவந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தபோது தாம் பூண்ட பெயரையே பின்னரும் வைத்துக்கொண்டவர் அவர். கட்டடக்கலை பயின்றவரல்லர். 1949இல், குத்தூரியே என்னும் துறவியின் சொற்கேட்டு, மார்செய் நகருக்குச் சென்றார். அங்கே லெ கொர்பூசியே 337 வீடுகளைக் கொண்ட மாபெருங் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்திருக்கவில்லை, 1952இலேதான் திறந்துவைக்கப்பட்டது. பூச்சில்லாத கொங்கிறீட், வார்ப்புப் பலகைகளின் மரரேகைகூட அதில் பதிந்திருக்கும்.

அக்கட்டடத்தை எர்வே ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அக்காலத்துச் சதுரப்படக் கமெராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படமே எடுக்கலாம். அவ்வாறு கணக்கிட்டால் ஐம்பத்து நான்கு சுருளுக்கும் மேலாகின்றது! விதியை ஒவ்வொரு முறையும் நினைத்து எடுத்திருந்தால் ஒரு நாள் போதுமா? கண் நின்ற இடத்தில் கை அழுத்தியிருக்கவேண்டும். தூணின் ஒரு பகுதி, சுவரும் வானமும் சந்திக்கும் விளிம்பு, ஆழ்ந்த நிழலில் பாதி மறைந்த மாடம் என்று துண்டு துண்டாகவே பார்த்தார். அவற்றைக் கண்ட லெ கொர்பூசியே, இவருக்குக் கட்டடக் கலைஞனின் உள்ளம் வாய்த்திருக்கின்றது என்று எழுதித் தமது படப்பிடிப்பாளராக அமர்த்திக்கொண்டார். 1965இல் லெ கொர்பூசியே மறையும்வரை அவ்வுறவு நீடித்தது. சண்டிகாரில் புதுத் தலைநகரம் எழுந்தபோதும் எர்வே சென்று படமெடுத்தார். அங்கே எடுத்த சில படங்களில் மனித உருவம் ஒன்று மிகச் சிறிதாக நிற்கும்; அதைக் கண்ட பின்னரே கொங்கிறீட்டின் பேரளவு எமக்கு உறைக்கும்.

உள்ளுணர்வு என்றவுடன் அது வானத்திலிருந்து விழுவது என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. கறிக்கு உப்புப் போடும் தாயார் கரண்டியால் அளப்பதில்லை. ஆனால் அந்தக் கை எத்தனை ஆயிரம் கறிகளைக் கண்ட கை! எர்வேயும் மார்செய்க்குப் போவதற்கு முன்பே, தமது வீட்டு யன்னலை விட்டு நகராமல் கீழே தெரிந்த பாரிஸ் வீதியைப் படமெடுத்துப் பழகியவர். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் எடுத்ததோடு விட்டவரல்லர். அச்சிட்ட படத்தைக் கத்தரிக்கோலால் இரக்கமின்றி வெட்டுவார். ஓரத்தில் ஒரு விரற்கடை நீங்கினால் படம் உயிர்பெறுமென்று கண்டால் அது போய்விடும். சில படங்களில் ஒரு கீற்று மட்டுமே எஞ்சும். எடுக்கும்போது கண்ணை நம்பியவர், வெட்டும்போதும் அதையே நம்பினார்.

இதனைப் பையனுக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் அந்தப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்சிடுவித்தோம். தடித்த அட்டையில் ‘ட’ எழுத்தைப் போன்ற இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். அதனைப் படத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி எதை விடுவது, எதை வைப்பது என்று பார்க்கலாம். செலவில்லாத கருவி, வீட்டிலுள்ள சிறுவருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

நாம் அந்த வெறுஞ்சுவரை வெட்டிவிட எண்ணி அட்டையை உள்ளே தள்ளினோம். “வேண்டாம் மாமா, அது இல்லாவிட்டால் கைப்பிடி போய் முட்டுகிறதுபோல இருக்கிறது” என்று பிள்ளை தடுத்தான். அட்டையை மீண்டும் விலக்கிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. மேல் ஓரத்தில் எட்டிப் பார்த்த ஒரு மின்விளக்கின் நுனியை மட்டும் வெட்டினோம். பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் அவன் மூன்றிலொரு பங்கைப் பற்றிப் பேசவேயில்லை, நாமும் நினைவூட்டவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், நாலு மணி வெயிலில் தனியாகவே அக்கட்டடத்துக்குப் போய்வந்தான். எமது நாட்டில் நண்பகற் சூரியன் தலைக்குமேல் நிற்பதால், சுவரில் சரிந்த நிழல் வேண்டுமென்றால் காலையிலோ மாலையிலோதான் போகவேண்டும். வாசற் காவலாளி அவனை மறித்து, படிக்கட்டிலே படமெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். பையன் கைபேசியில் முதல் எடுத்த படத்தைக் காட்டினான். அவர் அதனைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார்.

“காலையில் எட்டு மணிக்கு வந்து பார், தம்பி. நிழல் மற்றப் பக்கத்தால் வரும்” என்றாராம்.