தூண்டிவிடுவது கருத்தல்ல



கருத்துச் சுதந்திரம் என்றால் வெறுப்புப் பேச்சுக்கும் இணையத்தில் இடம் தரத்தான் வேண்டும் என்று வாதிடுவோர், 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டம் திகனையில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். முஸ்லிம்களுக்கு எதிராகச் சிங்களத்தில் நஞ்சு கக்கிய ஃபேஸ்புக் பதிவுகள் மீது புகார் செய்தும் பல நீக்கப்படவில்லை. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. அவசரநிலை அறிவித்த அரசு, சமூக வலைதளங்களை முடக்கியது. ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டதோ 2020இல்தான்!

அதற்காக அரசின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடவும் முடியாது. சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதை ஃபேஸ்புக்கில் கேள்வி கேட்ட இளம்பெண்ணையும், அதற்கு ‘லைக்’ போட்ட தோழியையும் 2012இல் கைது செய்தார்கள். அதற்குக் கைகொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. விவாதிக்கலாம், எவ்வளவு கசப்பான கருத்தையும் ஆதரித்துப் பேசலாம், தூண்டிவிடும் கட்டத்தை எட்டும்போதுதான் தடுக்கலாம் என்று அத்தீர்ப்பு கோடு கிழித்தது. அதுவே சரி.

அந்தக் கோட்டைத் தாண்டும் பதிவுகளை, உள்ளூர் மொழி அறிந்த ஆட்களை வைத்து உடனடியாக நீக்குவதை நிறுவனங்களின் சட்டக் கடமையாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை