வரலாற்றின் திருப்பமும் நம் வீட்டு வாசலும்

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு ரமலான் மாதம், கி.பி. 630-ஆம் ஆண்டின் தொடக்கம். பெரும் இரத்தச் சேதமின்றி மக்கா நகரம் வெற்றிகொள்ளப்பட்டிருந்தது. தொழுகை நேரம் வந்ததும், கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லுமாறு பிலால் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதே மக்காவில் அடிமையாக வாழ்ந்து, சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சின்மேல் பாறாங்கல் ஏற்றப்பட்ட மனிதர் அவர். அன்று அந்நகரின் மிக உயர்ந்த இடத்தில் நின்று குரல் எழுப்பினார்.

சரித்திர ஆசிரியர்கள் உலகைத் திருப்பிய ஆண்டுகளைக் கணக்கிடும்போது, 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததையும், 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததையும், 1789-இல் பிரான்சிலே புரட்சி மூண்டதையும் எழுதுவர். அவற்றால் முடிகள் சாய்ந்தன. வணிக வழிகள் மாறின. மறுப்பார் யார்? ஆயினும், எவன் எங்கே நிற்கலாம், எவன் குரலை எவன் கேட்கவேண்டும் என்னும் கணக்கு புரட்டிப் போடப்பட்ட அந்த நாளை யான் அவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பாங்கொலியை எல்லோரும் மகிழ்ந்து கேட்கவில்லை என்பதையும் வரலாறு மறைக்காமல் சொல்கிறது. குறைஷிப் பிரமுகர்களுள் ஒருவரான அத்தாப் இப்னு அஸீத், இதைக் கேட்க நேராமல் தம் தந்தை முன்னமே இறந்துபோனது இறைவன் செய்த அருள் என்று முணுமுணுத்தார். ஓர் ஆணிலிருந்தும் பெண்ணிலிருந்தும் மாந்தர் அனைவரும் படைக்கப்பட்டனர், இறையச்சம் மிக்கவரே இறைவனிடம் கண்ணியம் மிக்கவர் என்று அறிவிக்கும் ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் பதின்மூன்றாம் வசனம் இத்தகைய பேச்சுகளையொட்டியே அருளப்பட்டது என்பர் விரிவுரையாளர் சிலர். அந்த அத்தாபும் மனம் மாறி இஸ்லாத்தை ஏற்றார். அண்ணலார் அவரையே மக்காவின் ஆளுநராக நியமித்தார்கள். திருப்பம் ஒரு நாளில் நிகழ்ந்துவிடுகிறது. மனம் திரும்புவதற்கோ நாட்கள் பிடிக்கின்றன.

இது அரபு நாட்டுச் செய்தி. நம் தென்காசிச் சீமைக்கும் அத்தகைய நாள் ஒன்று வாய்த்தது.

அதற்கு முன்னுரை போன்றதொரு நிகழ்ச்சியை முதலில் சொல்லவேண்டும். இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935-ஆம் ஆண்டு அக்டோபரில் இயோலா நகரில் டாக்டர் அம்பேத்கர் அறிவித்தார். தாழ்த்தப்பட்டோர் எம்மதத்தை நாடுவரோ என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. மறு ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். குற்றாலத்திற்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே செங்கோட்டைப் பக்கத்தில் 1936-இல் திறந்த கதவு, எல்லைக்கு இப்பால் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தென்காசியில் திறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் பிறந்தது 1939-இல். ஒரே மலையின் அடிவாரம், ஒரே சாரல், மனிதனின் மதிப்பு மட்டும் எல்லைக் கல்லைத் தாண்டினால் வேறு!

கோவிற் கதவு திறந்தபோதும் தேநீர்க் கடைக் குவளை மாறவில்லை. 1981 பிப்ரவரி 19-ஆம் நாள், அந்நாளைய நெல்லை மாவட்டத்தில், பண்பொழி அருகேயுள்ள மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவினர். அவ்வூரைச் சிலர் ரஹ்மத் நகர் என்றும் அழைக்கலாயினர். அப்போது யான் மக்தபிலே ஓதிக்கொண்டிருந்த சிறுவன். பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர்கள் நாளேட்டை உரக்கப் படிக்க, சுற்றிலும் கூட்டமாக நின்று கேட்டது நினைவிருக்கிறது. டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்தனர்; பின்னாளில் பிரதமரான வாஜ்பாய் அவர்களும் வந்து பார்த்தார். வளைகுடாப் பணம் விளையாடிவிட்டது என்றனர் சிலர். ஆசை காட்டி மாற்றினர் என்றனர் வேறு சிலர்.

நேரிற் சென்று விசாரித்த ஆய்வாளர்களிடம் அம்மக்கள் சொன்ன காரணங்களோ மிக எளியவை. தனிக் குவளை வேண்டாம். காலிலே செருப்பு அணிந்து தெருவில் நடக்கவேண்டும். பேருந்தில் காலியிடம் இருந்தால் அமரவேண்டும். நரைத்த தலையினரைச் சிறுவர்கள் ‘டா’ போட்டு அழைக்கலாகாது. இவற்றை விலைக்கு வாங்க எந்த நாட்டுப் பணத்தாலும் இயலாது அன்றோ! மேலும், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இஸ்லாத்தைத் தழுவியவர்க்குப் பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகள் இல்லை. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அவ்வாணை விரிவாக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இன்றளவும் அது விரிவாக்கப்படவில்லை. ஆதாயம் தேடி வந்தவர் கையிலிருந்த ஆதாயத்தை விட்டுவிட்டா வருவர்?

வந்தவர்களைப் பற்றி நாடே பேசியது. வரவேற்றவர்களாகிய நம்மைப் பற்றிப் பேசியோர் குறைவு.

அன்று சுற்றுவட்டார ஜமாஅத்தார் மகிழ்ந்து வரவேற்றனர். ஒரே சஹனில் கை வைத்து உண்டனர். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றனர், இன்றும் நிற்கின்றனர். இதற்காக நாம் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தவேண்டும். ஆனால் பள்ளிவாசல் வாசற்படியைத் தாண்டி, நம் வீட்டு வாசற்படி வரை அந்தத் திருப்பம் வந்து சேர்ந்ததா?

இரண்டாண்டுகளுக்கு முன்னர், ஆனி மாதச் சாரலுக்காக வெளியூர்க் குடும்பமொன்று குற்றாலத்தில் வந்து தங்கியிருந்தது. எனக்குப் பழக்கமானவர்கள், மார்க்கப் பற்றுள்ளவர்கள். மகளுக்கு வரன் பார்க்கவேண்டும் என்று என்னை அழைத்திருந்தனர். ஓர் இளைஞரைச் சொன்னேன். பட்டதாரி, ஆசிரியர் பணி, ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர், வரதட்சணை என்ற பேச்சையே வெறுப்பவர். அவர்கள் முகம் மலர்ந்தது. தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டனர், சொன்னேன். அதுவும் பிடித்திருந்தது. பின்னர் அந்த அம்மையார், “பூர்வீகம் எது ஹஜ்ரத்?” என்றார். பாட்டனார் 1981-இல் கலிமா சொன்னவர் என்றேன்.

அதன் பிறகு சற்று நேரம் வெளியே பெய்த சாரலின் ஓசை மட்டுமே கேட்டது. “பிள்ளை நல்ல பிள்ளைதான். ஊர்ச் சனம் ஏதாவது சொல்லுமே” என்றார் பெண்ணின் தகப்பனார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாயின, மூன்றாம் தலைமுறை, ஹாபிழாகவும் ஆலிமாகவும் பலர் ஆகிவிட்டனர். இன்னும் பூர்வீகமா? இதை அங்கேயே கேட்டிருக்கவேண்டும். யான் கேட்கவில்லை. கொடுத்த தேநீரை அருந்திவிட்டு, “அல்லாஹ் நாடியது நடக்கும்” என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று.

மதரஸாவில் கற்ற ‘குஃபு’ என்னும் சொல் அப்போது என் நாவைக் கட்டிவிட்டது. மணமக்கள் ஒருவருக்கொருவர் பொருத்தமானவராய் இருத்தல் என்பது அதன் பொருள். பிக்ஹு நூல்களிலே வமிசத்தையும் தொழிலையும் பொருத்தத்தில் சேர்த்துப் பேசும் பகுதிகள் உண்டு. இல்லையென்று மறைக்க யான் விரும்பவில்லை. நம் வீடுகளில் இச்சொல்லைக் கேடயமாகத் தூக்குவோர் அதே நூல்களின் அடுத்த வரிகளைப் படிப்பதில்லை. குஃபு என்பது பெண்ணும் அவளுடைய வலியும் விரும்பினால் விட்டுக்கொடுக்கத்தக்க உரிமையே. அவர்கள் மனமொப்பினால் நிக்காஹ் செல்லும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே பொருத்தத்தின் அடிப்படையாகக் கொண்டார்கள்.

நபித்தோழர் வாழ்க்கையைப் பாருங்கள். குறைஷித் தலைவர் உத்பாவின் மகனான அபூஹுதைஃபா (ரலி), விடுதலை பெற்ற அடிமையான ஸாலிமுக்குத் தம் உடன்பிறந்தாரின் மகளை மணமுடித்து வைத்தார். குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம், விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகனாகிய உஸாமாவை மணந்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) கூறினார்கள். அவ்வம்மையார்க்கு முதலில் விருப்பமில்லை. அதை ஒளிக்காமல் தாமே அறிவித்திருக்கிறார். பெருமானார் மீண்டும் கூறவே மணந்துகொண்டார். பிறர் பார்த்து ஏங்கும்படியான நன்மையை அந்த மணத்தில் அல்லாஹ் வைத்தான் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். தயக்கம் பாவமன்று. தயக்கத்தை மார்க்கமென்று பெயரிட்டு அழைப்பதே பாவம்.

மீனாட்சிபுரத்தாரோடு மண உறவு அறவே ஏற்படவில்லை என்று சொல்வது பொய்யாகும். துணிந்து பெண் கொடுத்தோரும் எடுத்தோரும் உள்ளனர்; அவர்களை யான் அறிவேன். அவர்கள் எந்த மேடையிலும் பேசியதில்லை; மாலை மரியாதையும் பெற்றதில்லை. 1981-ஐப் பெருமையாக மேடைகளில் முழங்கும் நம் பேச்சாளர்களில் எத்தனை பேர் அவர்கள் வீட்டு வலீமாவுக்குச் சென்று உண்டனர் என்பதை அவரவர் மனச்சாட்சியே அறியும்.

குற்றாலத்தில் தங்கியிருந்த அக்குடும்பத்தார் இவ்வாண்டும் சாரலுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றனர். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லையாம். அந்த இளைஞருக்கும் மணமாகவில்லை. இம்முறை தேநீர் வருவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுவதாக இருக்கிறேன்.