இல்லமும் நலமும்: ஈரம் படாத படுக்கை

சென்ற மாதம் அஜ்மல்கான் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் ஒரு விஷயம் விசாரித்தார். ஊரிலிருந்து வந்து உடன் வசிக்கும் மாமனாருக்கு இரவில் படுக்கையிலேயே சிறுநீர் பிரிந்துவிடுகிறதாம். மருந்துக் கடையில் ‘அண்டர்பேட்’ என்று விற்கும் விரிப்பை வாங்கலாமா, அதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்று கேட்டார். இதைக் கேட்பதற்குள் அவர் பட்ட கூச்சத்தைக் கண்டு, இம்மாதம் இதைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தேன். இது உலகில் எங்கும் காணாத விந்தையன்று. ஜப்பானில் ஓஜி என்னும் காகித நிறுவனம் 2024-ஆம் ஆண்டில், உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயாபர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டு, முதியோருக்கானவற்றில் கவனத்தைத் திருப்பியது.

எங்கள் இல்லத்திலும் இது நேர்ந்ததுண்டு. என் மாமியார் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வசிக்க வந்தவர். விடியுமுன் எழுந்து, நனைந்த புடவையைத் தாமே அலசிக் கொடியில் உலர்த்திவிட்டு, “கூஜாத் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது, அம்மா” என்பார். நானும் நம்பினேன். பிறகு மாலை நான்கு மணிக்குமேல் ஒரு வாய் நீரும் அருந்துவதில்லை என்று தாமாகவே விரதம் பூண்டார். தில்லி வெயிலில் அவ்விரதம் கடுஞ்சுரத்தில் கொண்டுபோய் விட்டது. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டுப் பையை உறுத்தும்; அவசரம் மிகுமேயன்றிக் குறையாது; தொற்றும் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே முதலில் நாடவேண்டியது கடையை அன்று, வைத்தியரை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை வியாதி, ஆடவருக்குப் புராஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல், உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகிய எதுவும் காரணமாயிருக்கலாம். இவற்றுள் பல குணமாகக் கூடியவை. திடீரென்று தொடங்கினாலோ, உடன் கால்கள் தளர்ந்து மரத்துப்போனாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

முன்னாளில் ரப்பர் ஷீட்டின்மேல் நைந்த வேட்டித் துணியை நான்காக மடித்து விரிப்போம். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஜனவரி மூடுபனியில் துணி இரண்டு நாளானாலும் உலராது. மே மாதத்திலோ துணி உலரும், அலசுவதற்குக் குழாயில் நீர் வராது. பகலில் அருகே ஆள் இருக்கும்போது துணியும், இரவில் கடை விரிப்பும் என்று வைத்துக்கொள்வது என் அனுபவத்தில் சிக்கனமும் சௌகரியமுமான ஏற்பாடு.

இவ்விரிப்பின் மேற்பரப்பு மெல்லிய வெண்துணி போன்றது. நடுவே மரக்கூழ்ப் பஞ்சு. அடியில் நீர் கசியாத பிளாஸ்டிக், பெரும்பாலும் நீல நிறம். நல்ல ரகங்களில் பஞ்சோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடியும் கலந்திருக்கும். ஈரத்தை உறிஞ்சிக் கூழாக இறுகி, அழுத்தினாலும் திரும்ப விடாமல் வைத்துக்கொள்வது அதன் வேலை. வெறும் பஞ்சு மட்டும் உள்ளது விலை மலிவு. ஆனால் உடம்பின் பாரம் பட்டதும் ஈரம் மேலே வந்துவிடும். வாங்கிய கட்டில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் வெறுந்தண்ணீரை ஊற்றிக் காட்டுவதை நம்பவேண்டாம். உப்பு கலந்த நீரை அப்பொடி குறைவாகவே உறிஞ்சும், சிறுநீரும் உப்பு நீர்தானே! ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பிட்டு மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிஷம் கழித்து உலர்ந்த காகிதத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். காகிதம் நனைந்து வந்தால் அடுத்த முறை வேறு ரகம் வாங்கவேண்டியதுதான். பெரியவர்களுக்கு 60-க்கு 90 சென்டிமீட்டர் அளவு பொருந்தும். கட்டின் விலையைப் பாராமல் ஒரு விரிப்புக்கு என்ன விழுகிறதென்று கணக்கிடுங்கள். மாதக் கணக்கில் தேவைப்படுவோர் சாந்தினி சவுக்கை அடுத்த பாகீரத் பேலஸ் மொத்தக் கடைகளிலும் விசாரிக்கலாம்.

விரிப்பைக் குறுக்காக, இடுப்பிலிருந்து நடுத்தொடை வரை வரும்படி, வெண்பக்கம் மேலாக இடவேண்டும். பாதுகாப்பென்று இரண்டு மூன்றை அடுக்குவது பெருந்தவறு. புழுக்கமும் அழுத்தமும் சேர்ந்து தோலைக் கெடுக்கும். மாற்றும்போது நோயாளியை இழுக்காதீர்கள். ஒரு பக்கமாகத் திருப்பி, நனைந்ததை உட்புறமாகச் சுருட்டி முதுகோரம் ஒதுக்கி, பாதி சுருட்டிய புதியதை அதையடுத்து வைத்து, மறுபக்கம் திருப்பினால் பழையது வெளியே வந்துவிடும், புதியது விரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரால் கழுவி (பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக), தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பை மெல்லியதாகப் பூசலாம். பவுடர் வேண்டாம், ஈரத்தில் திரண்டு உறுத்தும். தாமாகப் புரள இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கைப்புண்ணுக்கு முதல் அடையாளம் சிவப்பு என்பார்கள். நம்மவரின் மாநிறத் தோலில் சிவப்புப் புலப்படாது. இடுப்பிலும் குதிகாலிலும் கருமை கூடியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பகலில் வேலைக்குச் செல்வோர் பணிப்பெண்ணை அமர்த்துகிறார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்கு ஹிந்தி தெரியாது. நனைந்ததைச் சொல்ல வார்த்தையின்றி மணிக்கணக்கில் கிடப்பது எத்தகைய வேதனை! நாங்கள் பணிப்பெண்ணுக்கு ‘ஈரம்’, ‘தண்ணீர்’, ‘வலி’ என்னும் மூன்று சொற்களைக் கற்பித்தோம். மாமியார் ‘கீலா’ என்ற ஒன்றைக் கற்றுக்கொண்டார். அதன்பின் கூஜா கவிழவேயில்லை.

உபயோகித்த விரிப்பில் மலம் இருந்தால் முதலில் கழிவறையில் தட்டிவிட்டு, நனைந்த பக்கம் உள்ளே இருக்கச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, பையிலிட்டுக் கட்டி, காய்கறிக் கழிவோடு கலவாமல் தனியே கொடுக்கவேண்டும். இப்படிப் பொதிந்து கொடுக்கவேண்டுமென்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே கூறின. கழிவறைக் குழாயில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடியில் கொளுத்தினால் பிளாஸ்டிக் புகை அக்கம்பக்கத்தார் மூச்சில் போய்ச் சேரும். குப்பை எடுப்பவரிடம் கொடுக்கையில் உள்ளே இருப்பது இன்னதென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் வெறுங்கையால் பிரிக்க நேராது.